எந்தப் புரதம் எந்தக் கூட்டத்தில்?

வேலை முடிந்த புரதங்களையும் பழுதான புரதங்களையும் நறுக்கித் தள்ளுவதற்கென்று நம் உயிரணுக்களில் ஓர் எந்திரம் இருக்கிறது. அதன் பெயர் புரோட்டியசோம். அதன் நடுப்பகுதி மட்டுமே 28 புரதங்களால் ஆனது. ஏழேழாகச் சேர்ந்த நான்கு வளையங்கள் பீப்பாய்போல் அடுக்கியிருக்கும். உயிரணுவின் பெரிய வேலைகள் பலவும் இப்படிப்பட்ட கூட்டமைப்புகளின் பொறுப்புதான். ஆயிரக்கணக்கான புரதங்கள் நெருக்கியடிக்கும் இடத்தில் யாருக்கு யார் கூட்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரொட்டி ஈஸ்டில் இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு புரதத்துக்கு வால்போல் ஓர் அடையாளத் துண்டை ஒட்டிவிடுவார்கள். அந்த வாலைப் பிடித்து இழுத்தால், அதோடு சேர்ந்திருக்கும் புரதங்களும் கூடவே வரும். வந்தவை எவை என்பதை நிறை நிறமாலைமானி காட்டிவிடும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில் நெவன் குரோகன் குழு இப்படி 2,708 புரதங்களுக்கிடையே 7,123 தொடர்புகளைத் தொகுத்தது.

புரதங்களைப் புள்ளிகளாகவும் தொடர்புகளைக் கோடுகளாகவும் வரைந்தால் சிக்கு விழுந்த நூல்கண்டுதான் மிஞ்சும். அதைப் பிரிக்க அவர்கள் பயன்படுத்தியது, நெதர்லாந்தின் ஸ்டைன் வான் டோங்கன் 2000இல் விவரித்த மார்க்கோவ் கொத்தாக்க முறை. ஊருக்குள் நுழைந்து கால்போன போக்கில் நடப்பவர் பெரும்பாலும் அந்த ஊர்த் தெருக்களிலேயே சுற்றுவார். வெளியே போகும் சாலைகள் ஒன்றிரண்டே. வலைப்பின்னலிலும் கணினி இப்படித்தான் நடந்து பார்க்கிறது. அடிக்கடி கால்படும் வழிகளுக்கு ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பைக் கூட்டி, அரிதான வழிகளுக்குக் குறைக்கிறது. கடைசியில் சாலைகள் அழிந்து ஊர்கள் தனித்தனியே நிற்கும். அந்த ஆய்வில் அப்படி நின்றவை 547 கூட்டமைப்புகள்.

இம்முறையில் ஒரு புரதத்துக்கு ஓர் ஊர்தான். உயிரணுவிலோ ஒரே புரதம் பல கூட்டமைப்புகளில் வேலை செய்யும். 2012இல் வந்த கிளஸ்டர்ஒன் முறை இதற்கு இடம் கொடுத்தது. தொடக்கப் புள்ளியிலிருந்து கூட்டத்தை வளர்க்கும் அம்முறையில் இரு கூட்டங்கள் ஒரே புரதத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

2021இல் செயற்கை நுண்ணறிவு இன்னொரு வழியைத் திறந்தது. சேர்ந்து வேலை செய்யும் இரண்டு புரதங்களில் ஒன்று பரிணாமத்தில் மாறினால், மற்றதும் ஈடுகொடுத்து மாறும். அந்தத் தடயத்தை வைத்து டேவிட் பேக்கரும் சக ஆய்வாளர்களும் 83 லட்சம் ஈஸ்ட் புரத ஜோடிகளை அலசி, சேர்ந்திருக்கக்கூடியவை என 1,505 ஜோடிகளை அடையாளம் கண்டார்கள்.

இந்தத் தேடல் வெறும் பட்டியலுக்காக அல்ல. மல்டிபிள் மைலோமா என்னும் புற்றுநோய்க்கு 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டெசோமிப் மருந்து, நாம் முதலில் பார்த்த அந்தப் பீப்பாயின் உட்புறத்தைத்தான் அடைக்கிறது. கூட்டைத் தெரிந்துகொண்டால்தான் எங்கே கைவைப்பது என்று தெரியும்.