பரங்கிமலை உச்சியிலிருந்து

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நோக்கி மின்சார ரயிலில் செல்வோர், பழவந்தாங்கலைக் கடந்ததும் கண்ணுறும் சிறு குன்றே பரங்கிமலை. அதன் உயரம் ஏறக்குறைய 300 அடிதான். எனினும், சுற்றிலும் நிலம் தட்டையாய்க் கிடப்பதால், உச்சியில் நிற்பவருக்குக் கிழக்கே வங்கக் கடலும், தெற்கே பல்லாவரம், திரிசூலம் குன்றுகளும், தென்மேற்கே விமான நிலையமும் ஒருங்கே காட்சி தருகின்றன.

இம்மலையைப் பற்றி நம் இல்லங்களில் வழங்கும் கதைகள் பல. புனித தோமையார் சைதாப்பேட்டைச் சின்னமலையின் குகையில் ஒளிந்திருந்து, அங்கிருந்து இப்பெரிய மலைக்கு வந்து, கி.பி. 72-இல் ஈட்டியால் குத்துண்டு உயிர் நீத்தார் என்பது தொன்றுதொட்டு வரும் மரபு. அக்காலத்து ஏட்டுச் சான்று நமக்குக் கிட்டவில்லை. தலைமுறை தலைமுறையாய்க் காத்த நினைவே சான்றாக நிற்கிறது. முற்காலத் துறவியர் உச்சியில் தீ மூட்டி மாலுமிகளுக்குக் கரை காட்டினர் என்றொரு வழக்கும் உண்டு.

வரலாறு உறுதியாகக் கூறுவனவும் உள. 1547-இல் போர்த்துக்கீசியர் ஆலயத்திற்கு அடித்தளம் தோண்டியபோது, பகலவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை ஒன்று வெளிப்பட்டது. அவ்வெழுத்துகளின் பொருளை அறிஞர் பலவாறு படித்துள்ளனர். 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி வேளையில் அச்சிலுவையில் குருதி அரும்பியதாகவும், 1704 வரை அது பலமுறை நிகழ்ந்ததாகவும் பழைய குறிப்புகள் உரைக்கின்றன. மலையேறுவோர் கால் பதிக்கும் படிக்கட்டுகள், பதினெட்டாம் நூற்றாண்டில் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனிய வணிகரின் கொடையாகும். அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலம் கட்டுவித்தவரும் அவரே.

மலையின் மற்றொரு பெருமையைப் பலர் அறியார். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, இம்மலைக்கருகில் தொடங்கித் தெற்கே பெரும்பாக்கத்துக் குன்று வரை, ஏறக்குறைய ஏழரை மைல் தூரத்தை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்கலானார். வெயிலில் எஃகு விரியும். ஆகையால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானியைப் பார்த்துக் கணக்கைத் திருத்தினர். ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால், முக்கோணத்தின் ஏனைய பக்கங்களைக் கணித்துவிடலாம் அல்லவா? அவ்வாறு முக்கோணத்தின் மேல் முக்கோணமாய் வளர்ந்த அளவைப் பணி, குமரிமுனையிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை சென்றது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856-இல் அறிவிக்கப்பட்டதும் அப்பணியின் கனியே. லாம்டனோ அதைக் காணவில்லை. 1823-இல் பணியின் நடுவிலேயே உயிர் துறந்தார்.

கண்டும் தொட்டும் அறிய விழைந்த திருத்தூதரின் பெயரைத் தாங்கிய மலையருகே, நாட்டையே அளந்தறியும் பணி தொடங்கியது எத்துணைப் பொருத்தம்! ஆண்டவர் தோமையாரின் வினாவைக் கேட்டு அவரைத் தள்ளிவிடவில்லை, அருகே அழைத்தார். "இது உண்மையாய் நடந்ததா?" என்று நம் பிள்ளைகள் வினவும்போது, நாமும் முகம் சுளித்தல் தகாது. மரபை மரபென்றும், வரலாற்றை வரலாறென்றும் பிரித்துச் சொல்வோமாக. அனைத்தையும் ஒன்றாய்க் குழைத்து ஊட்டினால், வளர்ந்தபின் ஒன்றைச் சந்தேகிக்கும் பிள்ளை யாவற்றையும் உதறிவிடக்கூடும்.

லாம்டன் சங்கிலி இழுத்த வெளியெங்கும் இன்று வீடுகள் எழுந்துள்ளன. வரும் விடுமுறையில் குடும்பமாய்ப் படியேறி, சிலுவையின் முன் மன்றாடியபின், பிள்ளைகளுக்குத் தெற்குத் திசையைச் சுட்டிக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் வினாக்களுக்குப் பொறுமையாய் விடையளியுங்கள்.