நாப்பது வயசுல ஃபாரின் ஃபெலோஷிப்பா?

"டேய், பிறந்த தேதியைப் போட்டதுமே நம்மள ஓரங்கட்டிட மாட்டாங்களா?"

லேப்டாப் முன்னால உட்கார்ந்ததும் சித்தி கேட்ட முதல் கேள்வி இதுதான். சித்திக்கு வயசு 39. செஞ்சி பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆசிரியர்களுக்கான ஒரு வெளிநாட்டு ஃபெலோஷிப்புக்கு அப்ளை பண்ணப் போறாங்க. ஃபார்ம் அப்லோடு பண்ற வேலை எனக்கு. 'இன்ஜினீயரிங் படிக்கிறியே, இதுகூடத் தெரியாதா?' என்ற வழக்கமான டயலாக்கோடு கூப்பிட்டாங்க!

நம்ம ஹாஸ்டலில் ஃபாரின் என்றாலே ஜி.ஆர்.இ., எம்.எஸ்., எஜுகேஷன் லோன்தான். 22 வயசில் ஃபிளைட் ஏறலைன்னா அவ்வளவுதான், கதை முடிஞ்சதுன்னு ஒரு நினைப்பு. ஆனா, பத்து வருஷம் வேலை பார்த்தவங்களைத் தேடித் தேடிக் கூப்பிடுகிற திட்டங்களும் இருக்கு ஃப்ரெண்ட்ஸ்!

டிகிரி கிடையாது... ஆனா?

அமெரிக்காவில் 1978-ல் ஆரம்பிச்ச ஹம்ஃப்ரி ஃபெலோஷிப் இதுக்கு நல்ல உதாரணம். மிட் கேரியர் ஆட்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது. குறைந்தது 5 வருஷ முழுநேர வேலை அனுபவம் கேட்டாங்க. சுமார் 10 மாதப் பயிற்சி. முடிவில் டிகிரி கிடையாது. தன் துறையில் மத்தவங்க எப்படி வேலை செய்றாங்கன்னு பார்த்து, திரும்பி வந்து இங்கே செய்யணும் என்பதுதான் நோக்கம்.

பிரிட்டன் அரசின் செவனிங் 1983-ல் தொடங்கியது. இது ஒரு வருட முதுகலைப் படிப்பு. இதுக்கும் வேலை அனுபவம் வேணும், வயசு வரம்பு கிடையாது. முடிச்சதும் சொந்த நாட்டுக்குத் திரும்பி 2 வருஷம் இருக்கணும் என்பது நிபந்தனை. கலை, பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு ஆட்களுக்குன்னு 1981-ல் ஆரம்பிச்ச சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட்டும் இருக்கு.

ராமானுஜன் கதை தெரியுமா?

கணித மேதை இல்லீங்க, இவர் ஏ.கே.ராமானுஜன். கொல்லம், பெல்காம், பரோடா என்று ஊர் ஊராக இங்கிலீஷ் லெக்சரராக இருந்தவர். 1959-ல், 30 வயசில், ஃபுல்பிரைட் உதவியோடு அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு மொழியியல் படிக்கப் போனார். 1962-ல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் எதையோ தேடப்போய், அவர் கையில் கிடைச்சது உ.வே.சா. 1937-ல் பதிப்பித்த குறுந்தொகை! அதன் பாடல்களை அவர் மொழிபெயர்க்க, 1967-ல் புத்தகமாக வந்து உலகமே சங்கத் தமிழைத் திரும்பிப் பார்த்தது.

இன்னொருத்தர் அசோகமித்திரன். ஜெமினி ஸ்டுடியோவில் 14 வருஷம் வேலை பார்த்துவிட்டு 1966-ல் வெளியே வந்தவர். 1973-ல் அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குப் போனபோது அவருக்கு வயசு 42. அந்த அனுபவம்தான் 'ஒற்றன்' நாவல்.

இதைச் சொன்னதும் சித்தி சிரிச்சாங்க. "அவங்கல்லாம் பெரிய ஆளுங்கடா. நான் என்ன கிழிச்சேன்னு எழுதறது?"

குச்சியும் நிழலும்

அங்கேதான் சிக்கல். 'உங்கள் பணியால் என்ன மாற்றம் நிகழ்ந்தது?' என்ற கட்டுரைக்கு சித்தி முதலில் எழுதியது: 'நான் அர்ப்பணிப்பு உணர்வும் கடின உழைப்பும் கொண்ட ஆசிரியை.' போன வருஷமும் இப்படித்தான் எழுதி அனுப்பியிருக்காங்க. 'வருந்துகிறோம்' என்று மெயில் வந்ததை வீட்டில் யாருக்கும் சொல்லவே இல்லை. இதுவும் அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சது.

"சித்தி, வருஷா வருஷம் பசங்களைக் கோட்டைக்குக் கூட்டிப் போவீங்களே, அங்க என்ன பண்ணுவீங்க?"

"அதுவா? ஒரு மீட்டர் குச்சியை நட்டு நிழலை அளக்கச் சொல்வேன். அப்புறம் கல்யாண மகாலோட நிழலை அளக்கணும். வடிவொத்த முக்கோணம் போட்டா மகாலோட உயரம் வந்துடும். போர்டுல போட்டா பாதிப் பேருக்குப் புரியாது. அங்க எல்லாருக்கும் புரியும்."

"எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷம் இருக்கும்."

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிச்ச 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருக்கிற ஒரே கோட்டை செஞ்சி. அதையே கணக்கு லேப் ஆக்கின டீச்சர், 'நான் என்ன கிழிச்சேன்' என்கிறார்! பழைய கட்டுரையை டெலிட் பண்ணினோம். புதுசு, குச்சியும் நிழலுமாக ஆரம்பிச்சது.

அடுத்த டென்ஷன், துறையின் தடையில்லாச் சான்று. தலைமையாசிரியர் வழியாக ஃபைல் மேலே போய் வரணும். அப்புறம் வீடு. தம்பி ப்ளஸ் டூ. சித்தி தயங்க, சித்தப்பா ஒரே வரியில் முடிச்சிட்டார்: "ஆறு வாரம்தானே? நாங்க தோசை ஊத்திக்க மாட்டோமா?"

கடைசி நாளுக்கு முதல் நாள் ராத்திரி சப்மிட் பண்ணியாச்சு. ரிசல்ட் வர மாசக்கணக்கில் ஆகும்.

சித்தியிடம் கற்றவை

* தேதி, தகுதி, நாடு வாரியான விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்தந்த அமைப்பின் அதிகாரபூர்வ அறிவிப்பை மட்டும் நம்புங்க.

* பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய பதவியில் இருப்பவரிடம் வாங்குவதைவிட, உங்க வேலையை நேரில் பார்த்தவரிடம் வாங்குவது மேல். குறைந்தது ஒரு மாசம் முன்னாடியே கேளுங்க.

* 'திரும்பி வந்து என்ன செய்வீங்க?' என்பதுதான் முக்கியக் கேள்வி. பதிலில் ஊர், பள்ளி, வேலை எல்லாம் தெளிவா இருக்கணும்.

* செய்த வேலையைத் தேதியோடு குறிச்சு வைங்க. 11 வருஷக் கோட்டை டூருக்கு சித்தியிடம் இருந்தது மொத்தம் 4 போட்டோ!

கடைசி பாயின்ட் நமக்குத்தான் பாஸ். இன்னைக்கே ஒரு நோட்டு வாங்கிட்டேன். என்.எஸ்.எஸ். கேம்ப்பில் என்ன செஞ்சோம்னு யோசிச்சு முதல் பக்கம் எழுத உட்கார்ந்தா, சாப்பாடு மெனுதான் ஞாபகம் வருது. அடுத்த கேம்ப்பிலாவது ஒழுங்கா வேலை பார்க்கணும்!