கருவியில்லாச் சோதனைச்சாலை

விஞ்ஞானக் கல்வியில் சோதனைச்சாலைக்குள்ள இடம் யாவரும் அறிந்ததே. ஆயினும், விலையுயர்ந்த கருவியொன்றைச் சுற்றி மாணவர் பலர் நிற்கும்போது, ஒருவரே அதனை இயக்க இயலும். ஏனையோர் அளவீடுகளைக் குறித்துக்கொள்வதோடு அமைய வேண்டியதாகிறது. இக்குறையை ஓரளவு நீக்கும் பொருட்டு அமைந்தவையே மெய்நிகர் சோதனைச்சாலைகள். கல்வியில் தகவல் தொடர்பு நுட்பத்தைப் பயன்படுத்துவதற்கென மத்திய அரசு 2009-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இவை உருவாயின. தில்லி ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்க, மும்பை, கான்பூர், கரக்பூர் ஐ.ஐ.டி.களும் அமிர்தா பல்கலைக்கழகமும் பிற நிறுவனங்களும் இப்பணியில் பங்குகொண்டன.

இவற்றின் பயனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். உலோகத்தின்மீது தக்க ஒளி படும்போது எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. இதுவே ஒளிமின் விளைவு. அவற்றைத் தடுத்து நிறுத்தத் தேவையான மின்னழுத்தம், ஒளியின் அதிர்வெண்ணுக்கேற்ப நேர்க்கோடாக உயர்கிறது. அக்கோட்டின் சரிவை எலெக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால், பிளாங்க் மாறிலி கிடைக்கும். அதன் மதிப்பு ஏறத்தாழ 6.626×10⁻³⁴ ஜூல்-வினாடி.

கல்லூரிக் கருவியின் ஒளிமின் குழலில் உலோகத்தை மாற்ற வழியில்லை. கணிப்பொறித் திரையிலோ மாணவர் நொடிப்பொழுதில் மாற்றலாம். சோடியத்துக்கு நீல ஒளியே போதும். துத்தநாகத்துக்குப் புறஊதா ஒளி வேண்டும். கோடு இடம் பெயர்கிறது, சரிவோ மாறுவதில்லை. அம்மாறிலி எந்த உலோகத்தின் தனியுடைமையுமன்று என்பதை மாணவர் தாமே கண்டறிகிறார்.

ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. திரையில் தோன்றும் எண்கள் இயற்கையிலிருந்து வருவனவல்ல. 1905-இல் ஐன்ஸ்டைன் தந்த சமன்பாட்டினின்றும் கணிப்பொறி கணித்துத் தருபவை. எதனைச் சோதிக்க வேண்டுமோ, அதுவே விடையாக முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. மில்லிகன் ஐன்ஸ்டைனின் கருத்தை ஐயுற்றே தம் ஆய்வில் இறங்கினார். காற்றுப்பட்டால் உலோகப் பரப்பு கெடுமாதலின், வெற்றிடத்துக்குள்ளேயே அதனைச் சீவிப் புதுப்பித்து அளந்தார். 1916-இல் அவர் வெளியிட்ட முடிவுகள், தாம் எதிர்பாராத வகையில், அச்சமன்பாட்டையே உறுதிசெய்தன. திரையிலுள்ள உலோகம் ஒருநாளும் மாசடையாது. அங்கே புறவொளியும் புகாது. எனவே, ஐயத்துக்கும் வியப்புக்கும் அங்கு இடமில்லை.

தொலைவிலுள்ள உண்மைக் கருவியை மாணவர் தம் இருப்பிடத்திலிருந்தே இயக்கும் முறையும் உண்டு. அதில் அளவீடு மெய்யானது. எனினும் கருவியைப் பொருத்திச் சீராக்கும் கைப்பழக்கம் கிட்டாது.

ஆகவே, திரையில் முதலிற் பயின்று, பின்னர்க் கருவியை அணுகி, இரண்டிலும் கிடைத்த கோடுகளை ஒப்பிடுவதே நன்முறையாகும். அவ்விரண்டும் ஏன் வேறுபட்டன என்று மாணவர் வினவும் இடத்திலேதான் விஞ்ஞானம் தொடங்குகிறது. கருவியில்லாத கல்லூரிக்கு இத்திரை பேருதவியே. கருவி வாங்காதிருப்பதற்கு அது காரணமாகிவிடலாகாது.