படத்துக்குள் ஒரு முகவரி

வீட்டு மொட்டை மாடியில் நின்று செல்போனில் ஒரு படம் எடுக்கிறீர்கள். அந்தப் படமே உங்கள் வீடு எங்கே என்று காட்டிக் கொடுத்துவிடலாம், தெரியுமா?

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது நினைவிருக்கும். கறுப்பேறிய படகு, பிசுபிசுத்த வலை, இறக்கை ஒட்டிப்போன கூழைக்கடா... அந்தக் கோலத்தைப் படங்கள்தான் ஊருக்கே காட்டின. அப்படி ஒரு படத்தைத் தன் பெயர் வெளியே வராமல் பத்திரிகைக்கு அனுப்ப நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால், எடுத்த இடமும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குறிப்பை மேப்பில் போட்டால், திருவொற்றியூரில் எந்தத் தெரு என்பதுவரை வந்து நிற்கும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த இடக்குறிப்பு நீங்கிவிடுகிறது. 'படம் தெளிவாப் போகட்டும்' என்று டாக்குமென்டாக அனுப்பினாலோ, ஈமெயிலில் இணைத்தாலோ அதுவும் கூடவே போகும். அந்தப் படத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை அனுப்பிப் பாருங்கள். இடக்குறிப்பு ஒட்டாது.

ஆனால் முதலில் எடுத்த படத்தைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். நாளைக்குப் புகார் கொடுக்கப் போனால், எங்கே, எப்போது என்ற கேள்விக்கு அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.