தாராவியின் வெடித்த கைகள் சட்டத்தின் கண்ணில் படுமா?

மும்பை: வடதிசை உலர்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் தாராவியில் இட்லி மாவு கரைப்போர், பாத்திரம் துலக்குவோர், தோல் தொழிலாளர் ஆகியோரின் கைகள் வெடிப்புக் காண்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு தோல் பதனிடும் தொழிலை வேரூன்றச் செய்தவர்கள் நெல்லைச் சீமைத் தமிழர்கள். சுண்ணாம்பு சருமத்தின் எண்ணெய்ப் பசையை அகற்றிவிடும். குரோமிய உப்போ ஒவ்வாமையை உண்டாக்கும். பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. கைப்பை தைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. குரோமியத்தால் பதனிட்ட தோலில் அந்த உப்பு சிறிதளவு எஞ்சியிருக்கும்.

வெந்நீரைத் தவிர்ப்பதும், கை கழுவியபின் ஈரம் முழுதும் உலருமுன் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுவதும் எளிய வைத்தியம். ஆனால் விடுமுறையில் தணிந்து, வேலைக்குத் திரும்பியதும் மீண்டும் தலைகாட்டும் வெடிப்புக்குப் பனியை மட்டும் பழிக்க இயலாது. அதை அருகிலுள்ள சயன் மருத்துவமனையில் காட்டுவதே நல்லது.

வேதிப்பொருள் பட்டு வரும் சரும அழற்சியை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே தொழில்நோயாகப் பட்டியலிட்டது. எனினும், மின்விசையில் இயங்கும் கூடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அச்சட்டப்படி அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவ்வரம்பை 20 ஆக்கியுள்ளது. தாராவியின் சிறு பட்டறைகளில் அத்தனை பேருக்கு உட்கார இடமே இல்லை.