1914ஆம் ஆண்டுப் போரும் புகையிரத அட்டவணையும்

1914ஆம் ஆண்டு யூன் 28ஆம் நாள் சரயேவோ நகரில் அவுஸ்திரிய முடிக்குரியோர் பிரான்ஸ் பேர்டினன்ட் சுடப்பட்டமையே முதலாம் உலகப் போருக்குக் காரணமென மாணவர் பலர் எழுதிவிடுகின்றனர். அக்கொலைக்கும் முதற் போர்ப் பிரகடனத்துக்கும் இடையே ஒரு திங்கள் கழிந்தமையை அவர் எண்ணுவதில்லை.

1871இல் இழந்த அல்சேஸ், லொறெயின் பகுதிகளைப் பிரான்சு மறந்திலது. வளர்ந்துவந்த ஜேர்மன் கடற்படையைப் பிரித்தானியா அஞ்சிற்று. 1908இல் பொஸ்னியாவை அவுஸ்திரியா இணைத்துக்கொண்டமை சேர்பியாவுக்கு ஆறாப் புண்ணாயிற்று. இவை யாவரும் அறிந்தவை.

அதிகம் பேசப்படாதது புகையிரதம். படைகளை எல்லைக்கு ஏற்றிச்செல்லும் வண்டிகளின் நேரமெல்லாம் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. பரந்த நாடாகிய ருஷியாவின் படை திரளக் காலஞ் செல்லும். அதற்குள் பிரான்சை வீழ்த்திவிட்டுக் கிழக்கே திரும்புவதே ஜேர்மனியின் திட்டம். ஆதலின் யூலை 30இல் ருஷியச் சக்கரவர்த்தி பொதுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டதும், தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் ஜேர்மனிக்கு இழப்பாகத் தோன்றிற்று.

ஆகஸ்டு 1ஆம் நாள், பிரான்சு நடுநிலை வகிக்கக்கூடுமென்னும் பிழையான செய்தியை நம்பிய கைசர் வில்லியம், படையைக் கிழக்கே மட்டும் செலுத்தலாமே என்றார். வகுத்த ஏற்பாட்டை மாற்றவியலாதெனப் படைத்தலைவர் மோல்ற்கே மறுத்தார். அரசரினும் அட்டவணை வலிதாயிற்றுப் போலும்! ஆயினும் பழி முழுவதையும் அதன்மேற் சுமத்துதல் பொருந்தாது. புகையிரதப் பகுதிக்கு முன்னர்ப் பொறுப்பாயிருந்த ஸ்டாப்ஸ் என்பவரே, அம்மாற்றம் இயலுமாயிருந்ததெனப் பின்னர் நூலெழுதி வாதிட்டார். குறைந்தது வண்டியன்று, மனம்.

அட்டவணைப்படியே படை பெல்ஜியத்துட் புகுந்தது. அந்நாட்டின் நடுநிலைக்கு 1839இல் உறுதியளித்தோருள் ஒருவராகிய பிரித்தானியர், ஆகஸ்டு 4ஆம் நாள் போரில் இறங்கினர்.