உள்ளே போகாமலே ஓட வேண்டிய கணினி

திண்டிவனத்திலிருந்து பொறியியல் மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி பீரோவுக்குள் சும்மா கிடந்திருக்கிறது. அதில் ஃபிளாட்கார் என்னும் கன்டெய்னர் ஓ.எஸ்.ஸைப் போட்டுப் பார்த்தாராம். பென்டிரைவிலிருந்து அழகாக பூட் ஆனது, ஹார்டு டிஸ்கில் ஏறியது. பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்ததும் கறுப்புத் திரையில் ‘லாகின்’ என்று வந்து அப்படியே நின்றுவிட்டது. “பயனர் பெயர் ‘கோர்’ என்று தெரிந்துகொண்டேன். பாஸ்வேர்டு என்ன சார்? எனக்குத் தோன்றியதையெல்லாம் அடித்துப் பார்த்துவிட்டேன்” என்கிறார்.

தம்பி, அதற்குப் பாஸ்வேர்டே கிடையாது. நீங்கள் எதையும் தவறாக அடிக்கவில்லை. ஓ.எஸ். போடும்போது கொடுக்க வேண்டிய கோப்பு ஒன்றைக் கொடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்துக்கு இந்த ஒரு பத்தியே போதும். ஆனால் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நான் பல காலமாக எழுத நினைத்த விஷயத்துக்கே போய்ச் சேரலாம் என்பதால் தொடர்கிறேன்.

லினக்ஸ் என்ன, டாக்கர் என்ன என்பதெல்லாம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். உபுண்டு போடும்போது திரை நம்மிடம் ஒவ்வொன்றாகக் கேட்கும்: எந்த மொழி, எந்த ஊர் நேரம், உங்கள் பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன. ஃபிளாட்காரும் அதன் ஒன்றுவிட்ட உறவான ஃபெடோரா கோர்ஓஎஸ்ஸும் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. நூற்றுக்கணக்கான கணினிகள் அடுக்கி நிற்கும் டேட்டா சென்டருக்காகப் பிறந்தவை இவை. அங்கே ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் கீபோர்டோடு போய் நிற்க ஆள் கிடையாது. அதனால் எல்லாப் பதில்களையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்தக் கோப்பின் பெயர் இக்னிஷன். மனிதர்கள் எழுத வசதியாக முதலில் பியூட்டேன் என்ற வடிவில் எழுதி, அதே பெயருள்ள சிறு கருவியால் இக்னிஷனாக மாற்றுவது வழக்கம். வரி எத்தனை இடைவெளி தள்ளித் தொடங்குகிறது என்பதற்கும் அதில் பொருள் உண்டு. டேப் விசையைத் தொடவே கூடாது. கெர்னல் விழித்தெழுந்து, நிஜமான ரூட் பகுதியைக் கையில் எடுப்பதற்கு முன்பே இக்னிஷன் ஓடிவிடுகிறது. டிஸ்கைப் பிரிக்கச் சொல்லியிருந்தால் பிரிக்கும், பயனரை உருவாக்கும், எஸ்.எஸ்.எச். சாவியைப் பதிக்கும், எந்தெந்த கன்டெய்னர் தானாக எழ வேண்டும் என்ற சர்வீஸ் கோப்புகளை எழுதி வைக்கும். ஓ.எஸ்.ஸை ஒருமுறை ஏற்றினால் இது நடப்பதும் ஒரே ஒருமுறைதான்.

இதுதான் முதல் பூட் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? ஃபிளாட்கார் படத்தை டிஸ்கில் எழுதும்போது அந்த டிஸ்கின் அடையாள எண் வரிசையாகச் சுழியங்களும் கடைசியில் ஒரு 1-உமாக இருக்கும். உலகத்தில் எங்கே போட்டாலும் அதே எண்தான். பூட்லோடர் அந்த எண்ணைப் பார்த்தால் புதுப்பிறவி என்று புரிந்துகொண்டு கெர்னலிடம் சொல்லிவிடும். முதல் பூட்டிலேயே அந்த எண் அழிந்து, வேறெந்த டிஸ்குக்கும் இல்லாத தனி எண் விழுந்துவிடும். அதற்குப் பிறகு கோப்பைத் திருத்தினாலும் இக்னிஷன் திரும்பிப் பார்க்காது.

கோப்பில் எழுதிய வேலைகளில் ஒன்று முடியாமல் போனாலும் இக்னிஷன் பூட்டையே நிறுத்திவிடும். அரைகுறையாக எழுந்து, பாதி சர்வீஸ் ஓடிப் பாதி ஓடாமல் கிடக்கும் நிலைக்கு அது இடம் தருவதில்லை. இந்தக் கறாரை நான் மனமார மதிக்கிறேன்.

இனி திண்டிவனத்து மடிக்கணினிக்கு வருவோம். பென்டிரைவிலிருந்து ஓடும் ஃபிளாட்கார் யாரையும் கேட்காமல் ‘கோர்’ பயனராக உள்ளே விட்டுவிடும். டிஸ்கில் ஏறியது அப்படி விடாது. இக்னிஷன் இல்லாமல் ஏற்றியதால் அதில் சாவியும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கிரப் மெனு தெரியும்போது ‘ஈ’ விசையை அழுத்தி, கெர்னல் வரியின் முடிவில் ‘ஃபிளாட்கார்.ஆட்டோலாகின்’ என்று சேர்த்து பூட் செய்யலாம். பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். உள்ளே உட்கார்ந்து திருத்த வேண்டாம். கோப்பை ஒழுங்காக எழுதி, மறுபடி முதலிலிருந்து ஏற்றுங்கள். இந்த ஓ.எஸ்.ஸின் வழி அதுதான்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். வைஃபையை நம்பாமல் கம்பியைச் செருகுங்கள். 2 ஜிபி ரேம் உள்ள பழைய மாடல் என்றால் முதலில் 4 ஜிபி ஆக்குங்கள், ஏனென்றால் பென்டிரைவிலிருந்து ஓடும்போது முழு ஓ.எஸ்.ஸும் ரேமில்தான் உட்காருகிறது. எது ஹார்டு டிஸ்க், எது பென்டிரைவ் என்று டிஸ்க் பட்டியலில் அளவைப் பார்த்து உறுதி செய்த பிறகே இன்ஸ்டால் கட்டளையைக் கொடுங்கள். அது டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் எழுதும், அக்காவின் புகைப்படங்கள் உட்பட. மடிக்கணினிக்கு என்று ஒரு வேலை உண்டு: மூடியை மூடினால் தூங்கிவிடக் கூடாது என்பதையும் இக்னிஷனிலேயே எழுதிவிட வேண்டும். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் அது உங்களுக்குக் கூலியில்லாத யு.பி.எஸ். உப்பியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள், அதில் தயக்கமே கூடாது.

இவ்வளவும் செய்து எழுந்த கணினியில் ‘ஆப்ட்’ என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று வரும். மென்பொருள் நிறுவும் வசதியே அதில் கிடையாது. ஓ.எஸ்.ஸின் உடல் முழுவதும் இருக்கும் ‘யு.எஸ்.ஆர்.’ பகுதி படிக்க மட்டுமே, எழுத முடியாது. புது மென்பொருள் பெரும்பாலும் கன்டெய்னராகத்தான் உள்ளே வரும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. அந்த ‘யு.எஸ்.ஆர்.’ பகுதி டிஸ்கில் ஒன்றில்லை, இரண்டு இருக்கிறது. ஏ என்று ஒன்று, பி என்று ஒன்று, தலா 1 ஜிபி. கெர்னலும் அதேபோல ஏ-க்கு ஒன்று, பி-க்கு ஒன்று. கணினி ஏ-யில் ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய பதிப்பு வந்தால், அது சத்தமில்லாமல் பி-யில் எழுதப்படும். ஓடும் ஏ-யை யாரும் தொடுவதில்லை. அடுத்த பூட்டில் கணினி பி-யில் எழும். அதற்கடுத்த பதிப்பு ஏ-யில் விழும்.

விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் இதைப் படித்ததும் எனக்குத் தண்டவாளம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. திருச்சிக்கு எங்கள் ஊரிலிருந்து இரண்டு தடம். விருத்தாசலம், அரியலூர் வழியாகப் போவது கார்டு லைன். கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாகச் சுற்றிப் போவது மெயின் லைன். கார்டு லைனில் எங்காவது தடை என்றால் வண்டியை மெயின் லைனில் திருப்பி விடுவார்கள். நேரம் கூடும், ஆனாலும் வண்டி திருச்சிக்குப் போய்விடும்.

எந்தத் தடத்தில் விடுவது என்று இந்தக் கணினியில் யார் முடிவு செய்கிறார்கள்? பார்டிஷன் அட்டவணையில் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே சில பிட்டுகள் காலியாக விடப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்பதே ஒன்பது பிட்டுகளில் மொத்தத் தீர்ப்பும் அடங்கிவிடுகிறது. முதல் நான்கு பிட் முன்னுரிமை, 0 முதல் 15 வரை. அடுத்த நான்கு, இன்னும் எத்தனை முறை முயன்று பார்க்கலாம் என்ற கணக்கு. கடைசி ஒரு பிட், இந்தப் பகுதி ஒருமுறையாவது நன்றாக எழுந்ததா என்பதற்கான சாட்சி.

புதிய பதிப்பை பி-யில் எழுதி முடித்ததும் அதன் முன்னுரிமை ஏ-யைவிட உயர்த்தப்படும். முயற்சி 1, சாட்சி 0. பூட்லோடர் முன்னுரிமை பார்த்து பி-யைத் தேர்ந்தெடுக்கும். அதை எழுப்புவதற்கு முன்பே முயற்சிக் கணக்கை 0 ஆக்கிவிடும். இந்த வரிசையைக் கவனியுங்கள், எல்லாச் சாமர்த்தியமும் இதில்தான் இருக்கிறது. பி நன்றாக எழுந்து சற்று நேரம் நிலையாக ஓடினால், உள்ளிருந்தே ஒரு நிரல் சாட்சி பிட்டை 1 ஆக்கும். பி பாதியில் செத்துவிட்டால் அந்தப் பிட்டைத் தொட ஆளில்லை. அடுத்த பூட்டில் பூட்லோடர் பார்க்கும்போது பி-க்கு முயற்சியும் மிச்சமில்லை, சாட்சியும் இல்லை. ஆகவே பழைய ஏ-யை எழுப்பும். என்ன கோளாறு என்று பூட்லோடருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. செத்தவன் தான் செத்ததை வந்து சொல்ல மாட்டான் என்பதைக் கணக்கில் வைத்தே இதை வடிவமைத்திருக்கிறார்கள்.

இது குரோம்புக் மடிக்கணினிகளுக்காக கூகுள் செய்த ஏற்பாடு. அலெக்ஸ் போல்வியும் நண்பர்களும் 2013இல் ஃபிளாட்காரின் முன்னோடியான கோர்ஓஎஸ்ஸைத் தொடங்கியபோது குரோம் ஓ.எஸ்.ஸின் மூலநிரலிலிருந்துதான் தொடங்கினார்கள். அதனால் இந்த ஒன்பது பிட்டும் கூடவே வந்துவிட்டது. 2018இல் ரெட்ஹாட் நிறுவனம் 25 கோடி டாலருக்கு கோர்ஓஎஸ்ஸை வாங்கியது. 2020 மே 26ஆம் தேதியோடு அதன் கன்டெய்னர் லினக்ஸுக்கு அப்டேட் நின்றுபோனது. அதற்கு முன்பே பெர்லினில் கின்வோக் என்ற சிறு நிறுவனம் அதே மூலநிரலை எடுத்து ஃபிளாட்கார் என்ற பெயரில் நடத்தத் தொடங்கியிருந்தது. பின்னர் கின்வோக்கை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2024இல் ஃபிளாட்கார், குபெர்னெட்டிஸைப் பராமரிக்கும் சி.என்.சி.எஃப். அறக்கட்டளையின் கைக்குப் போனது. மூலநிரல் திறந்திருந்ததால்தான் இத்தனை கை மாறியும் அது உயிரோடு இருக்கிறது.

இவ்வளவு அழகான ஏற்பாட்டைச் சிலர் முதல் வேலையாக அணைத்துவிடுகிறார்கள். “தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, தொல்லை” என்று அப்டேட்டை நிறுத்தி வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எந்த நாளில் எத்தனை மணிக்கு ரீஸ்டார்ட் ஆகலாம் என்று அதே இக்னிஷனில் எழுதிவிடலாம். ஞாயிறு விடியற்காலை என்று கொடுத்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஓட்டை அடைக்காத கணினியை இணையத்தில் விட்டு வைப்பது நமக்கு மட்டும் வரும் கேடு இல்லை, அதை வைத்து ஊரார் கணினிகளையும் தாக்குவார்கள்.

ரீஸ்டார்ட்டுக்குப் பயப்படவே வேண்டாம் என்பதுதான் இந்த ஓ.எஸ்.ஸின் முழு நோக்கம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. எங்கள் மாவட்டத்தில் மின்சாரம் எப்போது வரும் என்று காத்துக் கிடந்தோம். அப்படிப்பட்ட ஊரில், மின்சாரம் வந்ததும் கைபடாமல் எழுந்து தன் கன்டெய்னர்களைத் தானே எழுப்பிக்கொள்ளும் கணினிக்கு மதிப்பு அதிகம். மேசைக் கணினி என்றால் மின்சாரம் திரும்பியதும் தானே ஆன் ஆக பயாஸில் ஒரு தெரிவு இருக்கும், அதைப் போட்டு வையுங்கள்.

2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பெரும்பாலோர் அந்தப் பக்கம் போகவே இல்லை. படிப்பு முடிந்ததும் கணினி பரணுக்கு ஏறியது. விண்டோஸுக்கு மூச்சு வாங்கும் அதே கணினி, திரையில் படம் காட்டும் வேலை இல்லாவிட்டால் இன்னும் பல ஆண்டு உழைக்கும். கிவிக்ஸ் என்ற கன்டெய்னரை ஏற்றி, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவை இணையமே இல்லாமல் ஒரு பள்ளி முழுவதற்கும் கொடுக்க அந்த ஒரு கணினி போதும்.

விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கட்டணமில்லாமல் சொல்லித்தருகிறது. வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் நியோ டைடல் பூங்கா திறந்தாயிற்று. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. கற்பவர்களும் கற்பிப்பவர்களும் வேலையும் இந்த 40 கிலோமீட்டர் சுற்றுவட்டத்திலேயே இருக்கும்போது, கன்டெய்னரை ஸ்லைடில் மட்டும் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதும் மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிளவுடில் கணக்கு தொடங்க கிரெடிட் கார்டு கேட்கும், அவர்களுக்கு அது ஏது?

ஆகவே கல்லூரித் துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். கழித்துக்கட்டுவதாக எழுதி வைத்திருக்கும் ஆய்வகக் கணினிகளில் நான்கைந்தை ஏலத்துக்கு அனுப்பாமல் நிறுத்தி வையுங்கள். ஒரு நெட்வொர்க் சுவிட்ச், சில கம்பிகள், பூட்டாத ஓர் அறை கொடுங்கள். மாணவர்கள் ஏற்றட்டும், அழிக்கட்டும், திரும்ப ஏற்றட்டும். கணினி கெட்டுவிடுமோ என்ற கவலை வேண்டாம். இக்னிஷன் கோப்பு கையில் இருந்தால் அந்தக் கணினியை அதே நிலைக்குத் திரும்பவும் கொண்டுவந்துவிடலாம்.